கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை

2024 ஜூன் 29, பார்படோஸ். டி-20 உலகக் கோப்பை இறுதியாட்டம். தென் ஆப்பிரிக்காவுக்குத் தேவை 30 பந்துகளில் 30 ரன். கையில் 6 விக்கெட். அக்ஷர் படேலின் ஒரே ஓவரில் 24 ரன் போயிருந்தது. கிளாசென் நின்ற நிலையைப் பார்த்து, இந்தியாவில் பலர் தொலைக்காட்சியை அணைக்க எழுந்திருப்பார்கள். அடுத்த நான்கு ஓவர்களில் வந்த ரன்கள்: 4, 4, 2, 4. கடைசி ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கியடித்ததை எல்லைக் கோட்டோரம் சூர்யகுமார் யாதவ் பிடித்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது.

மறுநாள் எங்கும் ஒரே விளக்கம்தான். தென் ஆப்பிரிக்கர்கள் பயந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் மூச்சுத் திணறுவது அவர்கள் வழக்கம். இதற்கென்றே கிரிக்கெட் உலகம் அவர்களுக்கு 'சோக்கர்ஸ்' என்று பட்டம் கட்டி வைத்திருக்கிறது. வசதியான பட்டம். அதைச் சொல்லிவிட்டால், ஆட்டத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டியதில்லை.

பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வெற்றி எட்டாத தூரத்தில் இருக்கும்போது நெருக்கடி அவ்வளவாக வருவதில்லை. அது பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் வருகிறது. 15வது ஓவர்வரை தென் ஆப்பிரிக்காவுக்கு வேறு வழியில்லை. அடிக்க வேண்டும், அடித்தார்கள். 30 பந்தில் 30 என்றானதும் இரண்டு வழிகள் திறந்தன: அடித்து முடிப்பதா, ஒன்றொன்றாகச் சேர்ப்பதா? ஒவ்வொரு பந்திலும் இந்தக் கேள்வி. எதிரே இந்தியாவுக்குக் கேள்வியே இல்லை. விக்கெட் வேண்டும், அவ்வளவுதான். ஹார்திக் பாண்டியா மெதுவாக, வெளியே தள்ளிப் போட்ட பந்தைத் துரத்திப் போய் கிளாசென் விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுத்தார். பும்ரா 4 ஓவரில் 18 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட பந்து வீச்சுக்கு முன்னால் தடுமாறுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

இதே கதை 1996 மார்ச் 14 அன்று மொஹாலியில் நடந்தது. உலகக் கோப்பை அரையிறுதி. 15 ரன்னுக்கு 4 விக்கெட்டை இழந்த ஆஸ்திரேலியா எப்படியோ 207 ரன் சேர்த்திருந்தது. மேற்கிந்தியத் தீவுகள் 2 விக்கெட்டுக்கு 165. இன்னும் 43 ரன்தான். சந்தர்பால் 80 ரன்னில் அவுட்டானதும், ஆடம்ஸும் ஆர்தர்டனும் காத்திருக்க, வேகமாக அடிக்கக்கூடிய ஹார்ப்பரும் கிப்சனும் முன்னால் அனுப்பப்பட்டார்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற அவசரம். 37 ரன்னுக்கு 8 விக்கெட் போயிற்று. கடைசி ஓவரில் 10 ரன் தேவை. வீசியவர் டேமியன் ஃபிளெமிங். முதல் பந்தில் கேப்டன் ரிச்சர்ட்சன் பவுண்டரி அடித்தார். அடுத்த பந்தில் ஒரு ரன்னுக்கு ஓடியதில் ஆம்ப்ரோஸ் ரன் அவுட். பதினொன்றாவது ஆட்டக்காரரான வால்ஷ், தான் சந்தித்த முதல் பந்திலேயே மட்டையை வீசி ஸ்டம்பை இழந்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ரிச்சர்ட்சன் 49 ரன்னுடன் மறுமுனையில் நின்றார். தோல்வி 5 ரன்னில்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1999 ஜூன் 17 அன்று, எட்ஜ்பாஸ்டனில் மீண்டும் ஓர் அரையிறுதி, மீண்டும் கடைசி ஓவர், மீண்டும் ஃபிளெமிங். தென் ஆப்பிரிக்காவுக்கு 9 ரன் தேவை, ஒரு விக்கெட் பாக்கி. குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் பவுண்டரிக்கு அனுப்பினார். ஸ்கோர் சமம். நான்கு பந்தில் ஒரு ரன் போதும். மூன்றாவது பந்தில் மறுமுனையில் இருந்த டொனால்ட் ரன் அவுட்டாகாமல் தப்பினார். நான்காவது பந்தை அடித்ததும் குளூஸ்னர் ஓடி வந்தார்; டொனால்டோ பந்தைப் பார்த்தபடி நின்றார். ஓடத் தொடங்கியபோது அவர் கையில் மட்டையும் இல்லை. ஆட்டம் 'டை'. முந்தைய சுற்றில் மேலே இருந்ததால் இறுதியாட்டத்துக்குப் போனது ஆஸ்திரேலியா.

அந்த நான்காவது பந்தில் ஆஸ்திரேலியர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. மார்க் வா பந்தை ஃபிளெமிங்கிடம் தள்ளினார். ஃபிளெமிங் அதை வேகமாக எறியவில்லை. தரையோடு உருட்டி கில்கிறிஸ்டிடம் சேர்த்தார். குறி தவற வாய்ப்பில்லாத, குழந்தை விளையாட்டு போன்ற செயல். உலகக் கோப்பையே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் மிக எளிய வழி எதுவென்று ஒரு பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. மறுபக்கம், ஓடுவதா வேண்டாமா என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு முடிவு.

2003இல் டர்பனில் நடந்ததற்கும் மனபலவீனத்துக்கும் சம்பந்தமே இல்லை. இலங்கைக்கு எதிரான ஆட்டத்தில் மழை வந்துகொண்டிருந்தது. டக்வொர்த்-லூயிஸ் கணக்குப்படி 229 என்பது சமநிலைக்கான ஸ்கோர். ஜெயிக்க 230 வேண்டும். 229 போதும் என்ற தகவல் ஆடுகளத்துக்குப் போனது. முரளிதரனை சிக்ஸர் அடித்து அந்த ஸ்கோரை எட்டிய பவுச்சர், அடுத்த பந்தை நிதானமாகத் தடுத்து நிறுத்தினார். மழை வலுத்தது, ஆட்டம் 'டை', போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றில் வெளியே. பவுச்சரிடம் துளியும் நடுக்கம் இல்லை. தப்பானது காகிதத்தைப் படித்த விதம். 1992இல் சிட்னியில் 13 பந்தில் 22 ரன் என்றிருந்த இலக்கை மழை விதி ஒரே பந்தில் 21 ஆக்கியதே, அதில் ஆட்டக்காரர்களின் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாமே ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, அதன் மேல் ஒரே பட்டம் எழுதப்பட்டுவிட்டது.

இந்திய ரசிகர்களும் இந்தக் காரியத்தில் சளைத்தவர்கள் அல்லர். மொஹாலி ஆட்டத்துக்கு முதல் நாள் கல்கத்தாவில் இலங்கைக்கு எதிராக ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் எரிந்தன, ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. அழுதுகொண்டே வெளியேறிய காம்ப்ளியின் முகம்தான் இன்றும் நினைவில் நிற்கிறது. பந்து தாறுமாறாகத் திரும்பிய ஆடுகளத்தில் இரண்டாவதாக பேட் செய்ய நேர்ந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இதே ஈடன் கார்டன்ஸில் 1993 நவம்பரில் ஹீரோ கோப்பை அரையிறுதியின் கடைசி ஓவரில் தென் ஆப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவைப்பட்டபோது, அசாருதீன் பந்தை டெண்டுல்கரிடம் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் டெண்டுல்கர் அதுவரை பந்தைத் தொடவில்லை. கொடுத்தது 3 ரன். இந்தியாவுக்கு 2 ரன்னில் வெற்றி. அன்று கொண்டாடிய அதே அரங்கம்தான் 1996இல் எரிந்தது.

மனஉறுதி பிறவிக் குணமல்ல, பழகிக்கொள்ளும் விஷயம் என்பதற்கு இந்திய மகளிர் அணியே சாட்சி. 2017 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் லார்ட்ஸில் 229 ரன் இலக்கு. 3 விக்கெட்டுக்கு 191 என்றிருந்த அணி 219இல் சுருண்டது. தோல்வி 9 ரன்னில். 2025 அக்டோபர் 19 அன்று இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிராக மறுபடியும் அதே வியாதி. 289 ரன் இலக்கை நோக்கிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, மந்தனா 88 ரன்னில் தூக்கியடித்து அவுட்டானார். 4 விக்கெட் மிச்சம் இருந்தும் இந்தியா 4 ரன்னில் தோற்றது. சரிவு தன்னிடமிருந்துதான் தொடங்கியது என்று மந்தனாவே சொன்னார். சாக்குச் சொல்லாத அந்தப் பேச்சு, பயிற்சிக்குச் சமம்.

பதினோரு நாள் கழித்து நவி மும்பையில் அரையிறுதி. எதிரணி ஆஸ்திரேலியா, இலக்கு 339. மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எந்த அணியும் துரத்திப் பிடித்திராத ஸ்கோர். இந்தூர் ஆட்டத்தில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தார். அரைச் சதத்துக்கும் சதத்துக்கும் அவர் மட்டையை உயர்த்தவில்லை. வேலை முடியவில்லையே! 82இல் அவர் கொடுத்த சுலபமான கேட்சை ஆஸ்திரேலியக் கேப்டன் ஹீலி நழுவவிட்டார். நெருக்கடியில் கை நடுங்குவது எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல. 9 பந்து மீதமிருக்க இந்தியா வென்றது. மூன்று நாள் கழித்து, நவம்பர் 2 அன்று, கோப்பையையும்.

நெருக்கடிக்குப் பழகுவது என்றால் வீரம் பேசுவது அல்ல. யார் கடைசி ஓவர் வீசுவது, யார் முன்னால் இறங்குவது, ஓடச் சொல்வது யார், மழைக் கணக்கைச் சரிபார்ப்பது யார் என்று முன்னதாகவே தீர்த்து வைத்துக்கொள்வது. அடுத்த முறை நெருங்கிய ஆட்டமொன்றில் ஓர் அணி சரியும்போது, பட்டம் கட்டுவதற்கு முன் ரசிகர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பல சமயம் பதில் அந்த ஆட்டக்காரரின் நெஞ்சுக்குள் இருக்காது. ஸ்கோர் அட்டையிலேயே இருக்கும்.