தரூரைக் கரைசேர்த்த எல்லைக் கிராமங்கள்

திருவனந்தபுரம்: திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் தொடர்ந்து நான்காவது முறையாக வெற்றி பெற்றுள்ளார். ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்கும் பின்னர் காங்கிரஸ் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டவர் அவர். எதிர்த்து நின்ற பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் 2024 தேர்தலின்போது மத்திய இணையமைச்சராக இருந்தார். இந்த நட்சத்திரப் போட்டியில் நகரம் சார்ந்த கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, நேமம் ஆகிய பேரவைத் தொகுதிகளில் பாஜகவே முன்னிலை பெற்றது. தரூரைக் காப்பாற்றியதில் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை தொகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இது முதல் முறையன்று. 2014-இல் ஓ.ராஜகோபாலை அவர் 15,470 வாக்குகளில் வென்றபோதும் இவ்விரு தொகுதிகளும் கோவளமுமே கைகொடுத்தன.

வியப்பு என்னவெனில், 2016, 2021 பேரவைத் தேர்தல்களில் இரு தொகுதிகளும் மார்க்சிஸ்ட் கட்சியையே தேர்ந்தெடுத்தன. மாநிலத்தை ஆள இடதுசாரிகள். தில்லியில் பாஜகவைத் தடுக்க காங்கிரஸ் என்று வாக்காளர்களில் ஒரு பகுதியினர் பிரித்துப் பார்ப்பதாகவே கருத வேண்டியுள்ளது.

எல்லையின் சூழலும் இதற்கு உதவியிருக்கலாம். 1956-இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. உறவுகளோ இருபுறமும் தொடர்கின்றன. களியக்காவிளையில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு நடந்தது. அங்கு காங்கிரஸ் வேட்பாளர் விஜய் வசந்த், இரு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இடம்பெற்ற திமுக கூட்டணியின் வேட்பாளர். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26-இல், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலையில் அதே காங்கிரஸை எதிர்த்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரன் நின்றார். மலையாளத்தில் கூட்டணியை 'முன்னணி' என்பர். எல்லையைத் தாண்டினால் சொல் மட்டுமன்றி அணியும் மாறிவிடுகிறது. அங்கு தோழன், இங்கு எதிரி என்ற நிலையை வாக்காளர்களிடம் விளக்குவது இடதுசாரிகளுக்கு எளிதாக இருந்திருக்காது. பன்னியன் 2,47,648 வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றார்.

இதை வைத்துப் பேரவைத் தேர்தலைக் கணிப்பது அவசரம். 2019-இல் தரூர் 99,989 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டுகளில் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மீண்டும் மார்க்சிஸ்ட் வேட்பாளர்களையே பேரவைக்கு அனுப்பின.