வெள்ளையணுக்கள் வெறும் போர்வீரர்களா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்)

"வெள்ளையணுக்கள் உடலின் போர்வீரர்கள்" என்று பள்ளி நாள் முதல் எழுதி மதிப்பெண் வாங்கி வருகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் புற்றுநோய் என்று வரும்போது இந்த உவமை நம்மை வழிதவறச் செய்கிறது என்பதே என் கருத்து.

நோய்க்கிருமி வெளியிலிருந்து வரும் பகைவன். புற்றுச்செல்லோ நம் உடலிலேயே பிறந்தது. அதைக் கொல்லும் ஆயுதம் சிலவகை வெள்ளையணுக்களிடம் முன்பே உண்டு. பெர்ஃபோரின் என்னும் புரதம் செல்லின் சவ்வில் துளையிடும். கிரான்சைம்கள் உள்ளே புகுந்து அச்செல்லைத் தானே மடியச் செய்யும். கொல்வது பெரிதன்று, யாரைக் கொல்வது என்று அறிவதே பெரிது! அந்த வேலையைச் செய்பவை மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள்.

1975இல் அறியப்பட்ட இயற்கைக் கொல்லிச் செல்களைப் பாருங்கள். நம் செல்களில் பெரும்பாலானவை எம்.எச்.சி. முதல்வகைப் புரதத்தை வெளிப்புறத்தில் தாங்கி நிற்கின்றன. கொல்லிச் செல்லின் ஒருவகை ஏற்பி அதைத் தொட்டதும் 'விட்டுவிடு' என்கிறது. டி செல்களின் கண்ணில் படாதிருக்கப் புற்றுச்செல்கள் பல இந்தப் புரதத்தை மறைத்துவிடுகின்றன. அதுவே அவற்றுக்கு வினையாகிறது! தடுக்கும் சைகை இல்லை, மறுபுறம் என்.கே.ஜி.2டி என்னும் இன்னோர் ஏற்பி, நிலைகுலைந்த செல்களின்மேல் தோன்றும் புரதங்களைப் பற்றிக்கொண்டு தூண்டுகிறது. இல்லாத ஒன்றைக் கண்டுகொள்ளும் இந்த விந்தையை 1986இல் ஸ்வீடன் நாட்டுக் கிளாஸ் கேரே குழுவினர் எலிகளில் காட்டினர் என்று படித்தபோது, நூலகத்தில் மணி அடித்தும் எழ மனம் வரவில்லை.

டி செல்லின் மேலுள்ள பிடி-1 ஏற்பி ஒரு பிரேக். புற்றுச்செல் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அதை அழுத்திவிடுகிறது. வலிமை குன்றியதால் அன்று, நிறுத்தப்பட்டதால் டி செல் நிற்கிறது. இத்தகைய பிரேக்குகளை விடுவிக்க வழிகண்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அதிலும் ஆபத்து உண்டு. பிரேக் தளர்ந்த செல்கள் சிலருக்குக் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்குகின்றன.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், தாயின் மார்பில் கட்டி கண்டதும், நகையை அடகு வைத்து 'எதிர்ப்புச் சக்தி' பொடி டப்பாக்களை வாங்கியது. வெள்ளையணுவுக்குத் தெம்பு கொடுத்தால் கட்டியைத் தின்றுவிடும் என்றாராம் விற்றவர். மருத்துவமனைக்குப் போவது நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. நம் பாடநூல் உவமையைத்தானே அவரும் சொன்னார்? பிரேக்கை மிதித்திருக்கும் வண்டிக்கு மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றி என்ன பயன்?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "அந்தப் பொடி நல்லதாப்பா?" என்று தெருவே என்னைத்தான் கேட்கிறது. பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். படங்களை நான் வரைந்து தருகிறேன்.