கண் கொடுப்பது யார்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் ஒரு குழந்தைக்கு இருட்டினால் கண் தெரியவில்லையென்றால் நம் ஜனங்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? வீரராகவர் குளத்தில் வெல்லம் கரைப்பதும், அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதும், “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று தாயின் தலையில் பழியைப் போடுவதுமேயாகும்.

சாமிகளின் யோக்கியதையைப் புராணமே சொல்லுகின்றது. கண்ணிழந்த சுந்தரர் திருவெண்பாக்கத்திற்கு வந்து முறையிட்டபோது சிவன் கொடுத்தது கண்ணல்ல, ஒரு ஊன்றுகோல்! 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அந்தப் பழைய கோவிலிருந்த இடமும் முழுகிப் போயிற்று. சாமியைக் கரையேற்றி வேறிடத்தில் வைத்தவனும் மனிதனே.

உண்மையில் நடப்பதென்ன? விழித்திரை வேலை செய்வதற்கு வேண்டிய கட்டளைகள் மரபணுக்களில் இருக்கின்றன. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் இரண்டு பிரதிகளும் பழுதாயிருந்தால் விழித்திரை சிறுகச் சிறுகச் சாகின்றது. பரம்பரைக் குருட்டில் பலவற்றின் கதை இதுவே. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதை மறைவாய்ச் சுமந்தால், அவர்கள் பார்வை நன்றாயிருந்தபோதிலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 பங்கு ஆபத்துண்டு. அக்காள் மகளையே கட்டிக்கொண்டு வரும் குடும்பங்களில் ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேருவது சுலபமாகிறது. “சொத்து வெளியே போகக்கூடாது” என்பவர்கள் இந்தச் சொத்தையும் சேர்த்தேதான் காப்பாற்றுகிறார்கள்!

2017 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் லக்ஸ்டர்னா என்னும் மருந்தை அநுமதித்தார்கள். தீங்கற்ற ஒரு வைரஸினுள் நல்ல மரபணுவை வைத்து விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் தடுமாறியவர்கள் தாமாக நடமாடினார்கள். ஆனால் இது ஆர்.பி.இ.65 என்னும் ஒரே மரபணுவின் பழுதுக்குத்தான். விழித்திரையைக் கெடுக்கக்கூடியவை 250-க்கு மேலுண்டு. செத்துப்போன செல்லுக்கு இது உயிர் கொடுக்காது. ஆதலால் வேண்டுதலில் கழிக்கும் ஒவ்வொரு வருஷமும் நஷ்டமே.

விலையோ, இரு கண்ணுக்கும் 8,50,000 டாலர் என்று வைத்தார்கள். அன்றைக்கே 5 கோடி ரூபாய்க்கு மேல்! கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிறவன் பத்து ஜென்மம் (அப்படி ஒன்று இருந்தால்) உழைத்தாலும் சேருமா? புரோகிதன் தட்சணையைக் கண்டிக்கிற நாம், கம்பெனிக்காரன் தட்சணைக்கு வாய்மூடி இருக்கலாமா? 1992-ல் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியார் அரோலாப் தொடங்கி, கண்புரைக்கு வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து சொற்ப விலைக்குக் கொடுக்கவில்லையா? இதையும் நம் நாட்டிலேயே செய்ய சர்க்கார் பணம் ஒதுக்கவேண்டும். 1819 முதல் நடக்கும் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு வரும் எந்த ஏழைக் குழந்தைக்கும் காசில்லாத காரணத்தால் மரபணுச் சோதனை தவறக்கூடாது.

தோழர்களே! இரு ஊர்களிலிருந்தும் சென்னைக்கு மின்சார ரயில் ஓடுகின்றது. குழந்தை தடுமாறத் தொடங்கிய வருஷத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். சத்துக் குறைவால் வந்த மாலைக்கண்ணா, பரம்பரைப் பழுதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார்.