அப்பா கட்டாத ஸ்டார்

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், டிசம்பர் 1-ம் தேதி அப்பா மொட்டைமாடியில் கட்டும் ஸ்டார்தான். போன வருஷம் ஸ்டார் இல்லை. அப்பா இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. துக்க வீடு என்பதால் முறுக்கு சுடவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை.

சென்னையிலிருந்து போன எனக்கு ஜெபம் பண்ணவும் மனசில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுது கேட்டது கிடைக்காத கோபம்.

24-ம் தேதி சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஆடித்தபசு தவறாமல் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பவர். கையில் தூக்குவாளி நிறைய அதிரசம்.

"நீங்கதான சுடக்கூடாது, நான் சுடலாம்லா? தம்பி, அண்ணன் ஸ்டாரை எடுத்துக் கட்டு. தெரு இருட்டாக் கெடக்கு."

சங்கரனும் நாராயணனும் ஒன்றென்று சொல்லும் கோயில் ஊர்க்காரர். அவருக்கு எங்கள் பண்டிகை மட்டும் வேறாகவா தெரியும்? கட்டினேன்.

அதிகாலை ஆராதனைக்கு அம்மாவோடு போனேன். பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் எழுப்பிய குளோரிந்தாவும் கணவரை இழந்தவர்தான் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அம்மா குரல் உடையாமல் பாடியபோது அது ஞாபகம் வந்தது.

என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால், சத்திரத்தில் இடமில்லாத இரவில் பிறந்தவரின் கதை இப்போது கொஞ்சம் புரிகிறது.

உங்கள் தெருவில் துக்க வீடு இருந்தால், இந்த 25-ம் தேதி ஒரு தூக்குவாளியோடு போய் வாருங்களேன்!