ஆறு மணிக்கு அனுப்புங்கள்

கல்லூரி முடித்த கையோடு முழுநேர வேலையில் சேரும் பிள்ளைகளை முதலில் திணறடிப்பது நேரம்தான். செங்கல்பட்டில் காலை ஆறரை மணி மின்சார ரயிலைப் பிடித்து, கிண்டியில் இறங்கி, பேருந்தில் நெரிபட்டு ஓஎம்ஆர் அலுவலகம் போய், இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டால், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை’ என்கிறோம். இது அநியாயம். நாளுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் ஆலைகளுக்கும் 1930-இல் அலுவலகங்களுக்கும் வகுத்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் நேரம் அதில் சேராது. உடம்போ அதையும் சேர்த்தே சுமக்கிறது. தூக்கமும் பசியும் புது ஒழுங்குக்குப் பழகச் சில மாதங்களாவது ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளை உறவினர் வீட்டு விசேஷங்களுக்குக் கேட்காதீர்கள். மேலாளர்களே, வேலை முடித்த புதியவர்களை ஆறு மணிக்கே அனுப்பிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வைத்து அவர்களை எடைபோடாதீர்கள்.