பார்ட் மாற்றவில்லை என்றால் காசு எதற்கு?

திருவண்ணாமலையில் எந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சற்று நேரம் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும்: "எதையும் மாத்தலையே, அப்புறம் எதுக்குங்க முந்நூறு?" கேட்பவர் கஞ்சர் இல்லை. புது பேட்டரிக்கு மூவாயிரம் என்றால் அதே ஆள் எடுத்துக் கொடுத்துவிடுவார். பொருளுக்குக் காசு உண்டு, கைவேலைக்குக் கிடையாது என்பது நம்மிடம் ஊறிப்போன நம்பிக்கை. சர்வீஸ்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று இன்னொரு நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்று வளர்க்கிறது என்பது என் கட்சி.

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. பல நேரங்களில் ரேமில் தூசி படிந்திருக்கும், அல்லது அதன் விளிம்பிலுள்ள தங்கப் பூச்சு மங்கியிருக்கும். கழற்றி, பென்சில் ரப்பரால் துடைத்து, சரியாக அழுத்திப் பொருத்தினால் படம் வந்துவிடும். நடந்ததை உள்ளபடி சொல்லி ஒருவர் இருநூறு ரூபாய் கேட்டால், "ரப்பர்ல தேய்ச்சதுக்கா?" என்று சண்டைக்குப் போகிறோம். இன்னொருவர் அதே ரப்பரால் தேய்த்துவிட்டு, "ரேம் போயிடுச்சு சார், புதுசு போட்டிருக்கேன், ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்கிறார். மறுபேச்சில்லாமல் பணம் கை மாறுகிறது. கெட்டிக்காரர் என்று நாலு பேரிடம் சிபாரிசும் செய்கிறோம். உண்மை சொன்னவருக்குத் தண்டம், பொய் சொன்னவருக்குப் பரிசு.

ஊசி போடாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க நம் ஊர்களில் மனசு வந்ததில்லை. விளைவு என்ன? தேவையில்லாதவருக்கும் ஊசி குத்தப்பட்டது. அதுவேதான் இங்கேயும் நடக்கிறது.

கடையின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்களை வாங்கிவந்து, மேலே ஒரு தொகை வைத்து விற்றால், கூலி கேட்காமலே கடை நடந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது வாடிக்கையாளர் கடையில் நின்றபடியே போனை எடுத்து அமேசானில் விலை பார்க்கிறார். ஐம்பது ரூபாய் கூட இருந்தாலும் கேள்வி வருகிறது. விலை பார்ப்பது அவர் உரிமை, அதில் தப்பே இல்லை. ஆனால் பாகத்தில் லாபமும் கூடாது, வேலைக்குக் கூலியும் கூடாது என்றால் கடை வாடகையையும் கரண்டு பில்லையும் எதிலிருந்து கட்டுவது? போகாததைப் போனது என்று சொல்வதும், பழையதைப் புதியது என்று விற்பதும்தான் மிச்சம் இருக்கிற வழி. நேர்மையானவர் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். நாம் யாரிடம் போகக் கூடாது என்று நினைக்கிறோமோ, அவர் மட்டும் தங்குகிறார். ஏமாற்றுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. போட்டோக்கள் இருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் பண்ணி, ஒரு குடும்பத்தின் பத்து வருட நினைவுகளை அழித்துவிடுகிறவரை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

சிப் லெவல் வேலையில் இந்த அநியாயம் இன்னும் பெரிது. லேப்டாப்பில் உயிரே இல்லை. மதர்போர்டில் பவர் வரும் பாதையில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அதன் விலை ஒன்றிரண்டு ரூபாய். நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்களில் எது அது என்று மல்டிமீட்டரும் மைக்ராஸ்கோப்பும் வைத்துத் தேட மணிக்கணக்காகும், அந்தக் கண் வருவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அது சில சமயம் புது லேப்டாப் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். அதைக் கட்டுகிறவர்கள், தெருக்கடையில் ஆயிரத்து ஐந்நூறு கூலி கேட்டால் "ரெண்டு ரூபா சாமானுக்கா?" என்கிறார்கள். பெரிய கம்பெனி என்றால் மறைக்க மாட்டார்கள் என்பதும் வெறும் நம்பிக்கைதான். பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்காக 2020இல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதமும் கட்டியது.

கூலிக்கு நிலையான விலை இல்லாத இடத்தில் ஆளின் முகம்தான் விலை. ரமணாசிரமத்தைச் சுற்றிச் செங்கம் ரோட்டில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவருக்கு விண்டோஸ் போட ஒரு தொகை, உள்ளூர்க்காரருக்கு வேறு தொகை என்றால், "அவங்ககிட்ட இருக்கு, கொடுக்கட்டுமே" என்று நாமே சமாதானம் சொல்கிறோம். பௌர்ணமி அன்று ஆட்டோவுக்கும் ரூமுக்கும் சொல்கிற அதே சமாதானம். ஆனால் முகம் பார்த்து விலை சொல்லப் பழகியவர் வெள்ளைக்காரரோடு நிறுத்திக்கொள்வதில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் தண்டராம்பட்டு, செங்கம், ஜவ்வாதுமலை வீடுகளுக்கெல்லாம் போயின. அப்படி அண்ணனுக்குக் கிடைத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வரும் தங்கைக்கு ரேம் எது, ஹார்ட் டிஸ்க் எது என்று தெரியாது. அந்த முகத்துக்கும் ஒரு விலை உண்டு.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. ஆஸ்திரியாவில் பொருளியலாளர்கள் ரேம் மட்டும் பழுதான கம்ப்யூட்டர்களைப் பல கடைகளுக்கு அனுப்பினார்கள். சில கடைகளில், செலவை இன்சூரன்ஸ் ஏற்கும் என்ற பேச்சை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்தக் கடைகளில் பில் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் எகிறியது. 2016இல் வெளியான ஆய்வு அது. பழுது ஒன்றே; எதிரில் நிற்பவர் எவ்வளவு தாங்குவார் என்ற கணிப்புதான் வேறு.

ஆகவே கடைகளிடம் நான் கேட்பது, திறந்து பார்க்க இவ்வளவு, சாஃப்ட்வேர் வேலைக்கு இவ்வளவு, சிப் லெவல் என்றால் இவ்வளவு என்று சுவரில் எழுதி மாட்டுங்கள். பில்லில் கூலியைத் தனியாகவும் பாகத்தைத் தனியாகவும் போடுங்கள், பாகத்தின் சீரியல் நம்பரோடு. கழற்றிய பழசை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்கு ரசீது கொடுக்காததையும் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று "பில்லு வேணாம், அப்படியே போட்டுக் குடுங்க" என்று கேட்பது யார்? நாம்தான். மூன்றாம் மாதம் அந்தப் பாகம் போய் நிற்கும்போது எதைக் காட்டி வாரண்டி கேட்பது?

சரியாகவே இல்லையென்றாலும் கூலியா என்று கேட்பார்கள். ஆம், கூலிதான். ஒரு மணி நேரம் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குமேல செலவு பண்ணாதீங்க" என்று சொல்கிறவர் உங்களுக்குச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தியிருக்கிறார். அதற்கு முந்நூறு ரூபாய் தராவிட்டால், அடுத்த தடவை அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் ஒரு போர்டை விற்கத்தான் பார்ப்பார். அடுத்த கடையில் செக்கிங் இலவசம் என்று போர்டு தொங்குகிறதே என்பீர்கள். தொங்கட்டும். அங்கே உங்கள் லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்த நேரத்துக்கான காசு பில்லில் எந்தப் பாகத்தின் தலையில் ஏறியிருக்கிறது என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.