உப்புக்காற்றும் பொனற் கேபிளும்

சோளகம் எழும்பும் மாதங்களில் மன்னாரில் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் பொனற் லொக். ரயருக்கும் பிரேக்குக்கும் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட நாங்கள் அதற்குக் காட்டுவதில்லை. பெருநிலப்பரப்பிலிருந்து தீவுக்கு வரும் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். நகருக்குக் கிட்ட உப்பளம். தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகளும் இந்தச் சோளகத்தை நம்பித்தான் நிறுவப்பட்டன; 103.5 மெகாவாட் மின்சாரம் தரக்கூடிய காற்று இது. அதே காற்று உப்பையும் சுமந்துகொண்டு வந்து, காரின் முன்கிறில் வழியாக நேரே பொனற் லொக்கில்தான் அடிக்கிறது. காரில் இதைவிட மோசமான இடத்தில் ஒரு பூட்டைப் பொருத்த முடியாது.

ஸ்ரியறிங்குக்குக் கீழே உள்ள லீவரை இழுக்கிறோம், பொனற் சற்று எழும்புகிறது. இடையில் வேலை செய்வது உறைக்குள் ஓடும் ஓர் உருக்குக் கம்பி. சைக்கிள் பிரேக்கில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். ஏர்னஸ்ட் மொனிங்ரன் பௌடன் என்பவர் 1896 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நல்ல ஏற்பாடு, மலிவான ஏற்பாடு. ஆனால் உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்பக்கம் இழுத்துவைக்கும். மழையே இல்லாத ஆனி, ஆடியிலும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவே கிடக்கும். உறையின் வாயால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. கம்பியின் இழைகள் கறள் பிடித்துத் தடிக்கின்றன, லீவர் இறுகுகிறது, நாங்கள் இன்னும் பலமாக இழுக்கிறோம். ஒருநாள் லீவர் கையோடு வந்துவிடும்.

பொனற் மூடியிருக்கும்போது கேபிள் அறுந்தால் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட முடியாது, ஒயில் பார்க்க முடியாது, பற்றரியைத் தொட முடியாது. கிறிலை உடைத்துத் திறந்த கார்களைப் பேசாலையிலும் பார்த்திருக்கிறேன், எருக்கலம்பிட்டியிலும் பார்த்திருக்கிறேன். காரைத் தூக்கிவைத்து, கீழே படுத்து, நீண்ட ஸ்குறூட்றைவரால் லொக்கின் நாக்கைத் தேடுகிறவர்களும் உண்டு. கேபிளுக்குக் கொடுக்கும் காசைவிட உடைந்த கிறிலுக்குக் கொடுக்கும் காசு அதிகம்.

எங்கள் பக்கத்துக் கராச்சில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என்னுடைய பழைய ஜப்பான் காரின் லீவரை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, புதுக் கேபிள் போட்டாலும் ரெண்டு சோளகம்தான் தாங்கும். கரண்டிலை திறக்கிறமாதிரிச் செய்து விடட்டோ?” செய்யச் சொன்னேன். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், கேள்வி கேட்டேன். இந்த வாரப் பத்தியை அதற்குக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வரியோடு சேர்ந்த புதுக்கார் விலை சம்பளக்காரருக்கு எட்டுவதில்லை. இருக்கும் காரைக் காப்பாற்றுவதுதான் எங்களுக்கு வழி. பழைய மொடல்களுக்குச் சரியான கேபிள் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்.

இந்தக் கைவேலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மடு, அடம்பன் பக்கத்து ரோட்டுகளிலும் அதே கதைதான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. பொனற்றைத் திறந்து, சூப்பிப் போத்தலில் பொத்திவைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றர் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் எடுப்பார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அப்படித்தான் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும், பொம்பிளை மாப்பிள்ளையைக் கோயிலுக்கும் கொண்டுபோயின. அந்த நாட்களில் கராச்சுகளில் வளர்ந்த திறமையை நான் பெரிய சொத்தாக மதிக்கிறேன். தம்பியின் கையில் இருப்பது அதன் மிச்சம்.

இனி வேலைக்கு வருவோம். தேவையான முக்கியப் பொருள் கதவு சென்ரர் லொக்குக்குப் போடும் 12 வோல்ட் மோட்டர். இரண்டு வயர் உள்ளதை எடுக்க வேண்டும். ஐந்து வயர் உள்ளது சாரதிக் கதவுக்கானது. மோட்டரின் தண்டு ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் நகரும். பொனற் லொக்கின் நாக்கை விடுவிக்க அந்தத் தூரம் பெரும்பாலும் போதும். பலம்தான் கேள்வி. கதவு லொக்கைவிடப் பொனற் லொக் இறுக்கமானது, அதன் ஸ்பிரிங்கும் தடித்தது. ஆகவே முதல் வேலை லொக்கைக் கழற்றி, உப்பைத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, கறளைச் சுரண்டி, கிறீஸ் பூசுவது. கையால் தள்ளினால் இலகுவாக நகரும் நிலைக்கு வந்த பிறகே மோட்டரை நினைக்க வேண்டும். கறள் பிடித்த லொக்கில் மோட்டரைப் பூட்டுவது வீண்செலவு. பழைய கேபிள் கொழுவும் இடத்திலேயே, அதே திசையில், தண்டு இழுக்க வேண்டும். சரிந்து இழுத்தால் பலத்தில் ஒரு பகுதி வீணாகும்.

பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்குக் கிட்டவே ஒரு பியூஸ். பிறகு ரிலே, அதிலிருந்து மோட்டர். உள்ளே டாஷ்போட்டின் கீழ் அமத்தினால் மட்டும் வேலை செய்யும் பொத்தான். போட்டுவைத்தால் அப்படியே நிற்கும் சுவிச் கூடவே கூடாது. தண்டு முட்டி நின்ற பிறகும் கரண்ட் பாய்ந்தால் மோட்டர் சூடேறி எரிந்துவிடும். ரிலேக்குப் போகும் எர்த்தை ஹேண்ட்பிரேக் சுவிச் வழியாக எடுத்தால், ஓடும்போது தவறிக் கை பட்டாலும் ஒன்றும் நடக்காது. இந்தப் பாதுகாப்பை விட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மஞ்சள் உறை போட்ட வயர்கள் எயார்பேக்குக்கானவை. அவற்றை வெட்டவோ அவற்றில் இணைக்கவோ கூடாது.

எங்கள் ஊரில் செப்பும் தப்பாது. முறுக்கி ரேப் ஒட்டிய இணைப்பில் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறும். ஈயம் ஊதி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். மோட்டரின் வயர் கீழ்ப்பக்கம் தொங்கி வளைந்து மேலேறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

இதில் ஒருவரும் கைவைக்கக் கூடாத ஒன்று, இரண்டாவது கொழுக்கி. லீவரை இழுத்த பிறகு விரலை விட்டுத் தள்ளித் திறக்கிறோமே, அதுதான். முதல் லொக் கைவிட்டாலும் பொனற் முழுவதும் எழும்பாமல் பிடித்துவைப்பது அந்தக் கொழுக்கி. விரலால் தேடுவது கரைச்சல் என்று அதையும் மோட்டரோடு சேர்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தாம்போதியில் எதிர்க்காற்று அடிக்கும்போது பொனற் நிமிர்ந்து கண்ணாடியை மூடினால் சாரதிக்கு ரோட்டே தெரியாது, பக்கத்தில் இருப்பது கடல். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த வேலையைச் செய்ய மறுக்கும் மெக்கானிக்தான் நல்ல மெக்கானிக்.

எல்லாம் சரி, பற்றரி இறங்கினால்? பொத்தானை அமத்தினால் பொனற் திறக்காது. பற்றரியோ பொனற்றுக்குள் இருக்கிறது. பெரிய கம்பனிகளுக்கும் இதே பிரச்சினை வந்தது. போர்ஷே 911 இல் எஞ்சின் பின்னால், பற்றரி முன்மூடிக்குள். மின்சாரத்தில் திறக்கும் மொடல்களில் பற்றரி செத்தால், பியூஸ் பெட்டியிலிருந்து ஒரு முனையை வெளியே இழுத்து வேறு பற்றரியைத் தொடுத்துத் திறக்க வேண்டும். டெஸ்லா மொடல் 3 இல் முன்பம்பரில் கட்டியிழுக்கும் கொழுக்கிக்கான மூடியைக் கழற்றினால் இரண்டு வயர் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி திறக்கும். நாமும் மோட்டரிலிருந்து இரண்டு வயரைப் பம்பருக்குக் கீழே ஒளித்துவைக்கலாம். ஆனால் அதன் பிளஸ் வயர் மோட்டரின் முனையிலிருந்துதான் வர வேண்டும். பற்றரியிலிருந்து நேரே வந்தால் எந்நேரமும் கரண்ட் உள்ள வயர் வெளியே கிடக்கும், நெருப்புக்கு அதுவே போதும்.

என் முடிவு இதற்கும் ஒருபடி மேலே. உப்புக்காற்றில் மோட்டரே இறுகிப்போனால் எந்தப் பற்றரியைத் தொடுத்தும் பயனில்லை. ஆகவே லொக்கின் நாக்கில் ஒரு கைக்கம்பியும் கட்டியிருக்க வேண்டும். தங்கூசி கறள் பிடிக்காது, பேசாலையில் எந்த வாடியிலும் கிடைக்கும் என்று சிலர் அதையே கட்டச் சொல்வார்கள். ரேடியேற்றர் சூட்டில் தங்கூசி இளகும், வேண்டாம். கறள் பிடிக்காத மெல்லிய எவர்சில்வர் கம்பி நல்லது. உறை தேவையில்லை, ஈரம் தங்கவும் இடமிருக்காது. முனையை வளையமாக்கி, காருக்குக் கீழே கைவிட்டால் எட்டும் இடத்தில், வெளியே தெரியாமல் கொழுவிவிடலாம். கம்பி விசிறியிலோ பெல்ற்றிலோ பட்டுவிடாமல் இரண்டு கிளிப் போட்டு நிறுத்த வேண்டும்.

பொத்தான் வைப்பது நல்ல வேலை. விரல் மூட்டு நோகும் வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கைக்கம்பி இல்லாமல் பொத்தானை மட்டும் வைத்துக் காரைத் திருப்பிக் கொடுப்பது பாதி வேலை. கராச் வைத்திருக்கும் தம்பிமாரே, அந்தக் கம்பிக்கும் சேர்த்தே கூலி கேளுங்கள். கார்ச் சொந்தக்காரர்களே, மாதத்தில் ஒருமுறை பொத்தானைத் தொடாமல் கம்பியால் திறந்து பாருங்கள். காரை விற்கும்போது வளையம் எங்கே இருக்கிறது என்று வாங்குபவருக்குக் காட்டி, அவருடைய கையாலேயே ஒருதடவை இழுக்கச் சொல்லுங்கள்.